ஓர் எழுத்தும் விடுபடவில்லை என்பவர்களுக்கு

பழந்தமிழ் நூல் ஒன்றின் கணினிக் கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றி முடித்தவரிடம் எல்லாம் ஒழுங்காக வந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஓர் எழுத்துகூட விடுபடவில்லை." பதிப்பகத்தார் இதைச் சொல்கிறார்கள். நூலகங்களில் மின்னாக்கம் செய்பவர்கள் சொல்கிறார்கள். கணினித் தமிழ் மேடைகளிலும் இது பெருமையாகச் சொல்லப்படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எழுத்துகள் உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கும். வந்து சேர்ந்தது நூல்தானா என்ற கேள்வியை மட்டும் அந்தப் பதில் தொடுவதில்லை.

பதிலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நூல் என்றால் எழுத்துகளின் வரிசை. எக்ஸ்எம்எல்லோ எச்டிஎம்எல்லோ, அதிலுள்ள டேக்குகள் அந்த வரிசைக்கு மாட்டிவிட்ட சட்டை. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா என்ன? இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். தமிழ் நூல்களின் விஷயத்தில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே தவறு.

அகநானூற்றை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க, மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்தது. நானூறு பாட்டுகளையும் அவர் கைக்கு வந்தபடி அடுக்கவில்லை. ஒற்றைப்படை எண்ணில் வரும் பாட்டெல்லாம் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி. 4இல் முடிபவை முல்லை, 6இல் முடிபவை மருதம், பத்துப் பத்தாக வருபவை நெய்தல். கூட்டிப் பார்த்தால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. 137ஆம் பாட்டு என்று சொன்ன மாத்திரத்தில் பாலை என்று சொல்லிவிடலாம். பாட்டைப் படித்திருக்கக்கூட வேண்டாம். பாட்டுக்குள் எழுதப்படாத ஒரு செய்தியை, அது நிற்கும் இடத்தைக் கொண்டே சொல்லிவிட்டார் அந்த மதுரைக்காரர். இன்றைக்கு மெட்டாடேட்டா என்று மூச்சுவிடாமல் பேசுகிறோமே, அது இதுதான்.

இந்த நூலைத் தானாக எண்ணிடும் பட்டியலாக எச்டிஎம்எல்லில் ஏற்றினால் என்ன ஆகும்? அகநானூற்றின் தலையில் பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்து இருக்கிறது. அதற்கு எண் கிடையாது. நானூற்றுக்கு வெளியே நிற்கிறது. மென்பொருளுக்கு இந்த மரபு தெரியாது. வாழ்த்தை 1 என்று எண்ணிவிடும். மாமூலனாரின் முதல் பாட்டு 2 ஆகும். நானூறும் ஒரு படி கீழே இறங்கும். பாலையெல்லாம் இரட்டைப்படை எண்களுக்குப் போய்விடும். மற்ற நான்கு திணைகளும் ஒற்றைப்படைக்கு வந்து பாலை என்று பெயர் வாங்கிக்கொள்ளும். நானூற்றில் ஒன்றுகூடத் தன் திணையில் இராது. எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: ஒன்றும் விடுபட்டிருக்காது.

"கடவுள் வாழ்த்தை எண்ணாதே என்று நிரலில் ஒரு விதி எழுதினால் தீர்ந்தது" என்பார்கள். எழுதுங்கள். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு புறநானூற்றுக்குப் போங்கள். அங்கே அதே பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்துதான் முதல் பாட்டு. எண் பெற்ற பாட்டு. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியது இரண்டாவது. அகநானூற்றைக் காப்பாற்றிய விதி புறநானூற்றைக் கெடுக்கும். போதாக்குறைக்கு அங்கே 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. தானாக எண்ணும் பட்டியல் 266ஆம் பாட்டுக்கு அடுத்து இருப்பதை 267 என்றே கூப்பிடும். அது உண்மையில் 269. அதற்குப் பிறகு வரும் அத்தனை மேற்கோள்களும் இரண்டு பாட்டு தள்ளி விழும். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. நமக்குக் கிடைத்த முதல் பாட்டின் எண்ணே 11தான். ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. இல்லாமையும் ஒரு செய்திதான். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் அச்சிட்டபோது அந்த இல்லாமையை மறைக்கவில்லை, எண்ணை நகர்த்திச் சரிக்கட்டவும் இல்லை. சிதைந்த அடிகளில் புள்ளிகள் இட்டார். நம் மென்பொருள் அந்தப் புள்ளி வரிசையை அழகான முப்புள்ளியாகச் சுருக்கித் தருகிறது. ஏதோ பாடிய புலவரே பெருமூச்சு விட்டு நிறுத்தியதுபோல.

பதிற்றுப்பத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் கீழும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பாடியவர், பாடப்பட்டவன், பெற்ற பரிசில் என்று சொல்லும் பதிகம். இன்றைய தரவுத்தள வல்லுநர் ஒருவரிடம் காட்டினால், நான்கு புலங்கள் உள்ள பதிவு என்று உடனே சொல்லிவிடுவார். அச்சில் இவை சின்ன எழுத்தில் தனியே நிற்கும். எச்டிஎம்எல்லில் தடித்த எழுத்தாகும். அதையும் உரித்துவிட்டு வெற்று உரையாக்கினால், வண்ணம் என்ற வரி பாட்டின் அடுத்த அடியாகிவிடும். ஆசிரியப்பாவின் அடிகளை எண்ணி ஆய்வு செய்பவருக்கு நான்கு அடி கூடுதலாகக் கிடைக்கும். ஆய்வேட்டுக்குப் பக்கம் கூடுமே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இது கவனக்குறைவானவர்கள் செய்யும் பிழை என்று தள்ளிவிட முடியாது. கருவிக்குள்ளேயே இது உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்எம்எல் ஆவணங்களை மாற்றுவதற்கென்றே 1999 நவம்பரில் டபிள்யூ த்ரீ சி அமைப்பு பரிந்துரைத்த மொழி எக்ஸ்எஸ்எல்டி. எந்த டேக்கை என்ன செய்வது என்று நாம் விதிகளை எழுதித் தரவேண்டும். நாம் விதி எழுதாத டேக் எதிர்ப்பட்டால் அது நின்று கேட்காது, எச்சரிக்காது. டேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வெளியே அனுப்பும். அந்த டேக்கின் பண்புக்கூறுகளில் பாட்டின் எண், திணை, கூற்று என்று எழுதி வைத்திருந்தீர்களானால் அவையும் போகும். குறிப்புரைகளாக நுழைத்தவையும் போகும். "ஓர் எழுத்தும் விடுபடவில்லை" என்ற நம் பெருமிதம் இந்தக் கருவியின் இயல்பு விதி. நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது அதைத்தான் செய்யும். தொலைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. பண்புக்கூறு திரையில் முன்பும் தெரிந்ததில்லை, இப்போதும் தெரியவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

2017இல் வந்த எக்ஸ்எஸ்எல்டியின் மூன்றாம் பதிப்பு, தெரியாத டேக்கை என்ன செய்வது என்று நாமே முன்கூட்டிச் சொல்ல வழி வைத்தது. அப்படியே நகலெடு என்று சொல்லலாம். பிழை என்று அறிவித்து நின்றுவிடு என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் பழைய வழக்கமேதான். வழி இருக்கிறது, கேட்பார்தான் குறைவு.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அது மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு பெரும்பணியிலிருந்து வருகிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது மதுரைத் திட்டம். சங்கம் வைத்த ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் நூல் நூலாகத் தட்டெழுதினார்கள். எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது அதே ஆண்டு பிப்ரவரியில், பொங்கல் கழிந்து சில வாரங்களில்தான். யூனிகோடில் தமிழ் எழுதக் கணினிகள் பழகியிராத காலம். மயிலை, இணைமதி எழுத்துருக்களில் தொடங்கி, திஸ்கி குறியாக்கத்துக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நிலையில் எழுத்தையே முதலில் காப்பாற்றினார்கள். அவர்களிடம் போய் அடியையும் துறையையும் தனித்தனி டேக்கில் ஏன் வைக்கவில்லை என்று கேட்பவன் முட்டாள். "எழுத்து முதலில், கட்டமைப்பு பிறகு" என்ற அவர்களுடைய வரிசை அன்றைக்குச் சரி.

என் சண்டை அந்தப் "பிறகு" என்பதோடு. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தக் கோப்புகளை எடுத்து வேறு தளங்களிலும் செயலிகளிலும் போட்டவர்கள் கட்டமைப்பைச் சேர்க்கவில்லை. இருந்ததையும் கழற்றினார்கள். மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு முகப்புப் பகுதி உண்டு. தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று அதில் இருக்கும். கோப்பை யாரும் இலவசமாகப் பரப்பலாம், அந்த முகப்பு சிதையாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையும் இருக்கும். இணையத்தில் சுற்றும் சங்கப் பாட்டுப் பிரதிகளில் அந்த முகப்பைத் தேடிப் பாருங்கள். "அது நூலில் சேர்ந்ததல்லவே" என்று வெட்டியிருப்பார்கள். எந்தப் பதிப்பின் பாடம், யார் கைபட்டது என்ற தடம் அங்கேயே அறுந்துவிடுகிறது. பிழை ஒன்றைக் கண்டால் அது பதிப்பாசிரியருடையதா, தட்டெழுதியவருடையதா, வடிவம் மாற்றும் நிரலான மாற்றியினுடையதா என்று கேட்க ஆளில்லை.

வெற்று உரையே என்றும் நிலைக்கும் என்பதற்கு, 1971இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைக் காட்டுவார்கள். எந்த அலங்காரமும் இல்லாத உரையே எந்தக் கணினியிலும் திறக்கும் என்பது அவர் கொள்கை. நியாயமான கொள்கைதான். ஆனால் அந்த வெற்று உரைக் கோப்புகளிலேயே சாய்வெழுத்தைக் காட்டச் சொல்லின் இருபுறமும் அடிக்கோடு போட்டார்கள். அது டேக் இல்லையா? இலக்கணம் எழுதப்படாத டேக், அவ்வளவுதான். டேக் வேண்டாம் என்று வெளியே தள்ளினால் அது வேறு வேடத்தில் உள்ளே வரும். சரிபார்க்க முடியாத வேடத்தில்.

டேக்கும் எழுத்தும் வேறுவேறு என்ற பிரிவினையே சில இடங்களில் நிற்காது. பாமினி எழுத்துருவில் பக்கம் பக்கமாகத் தமிழ் அச்சடித்தவர்களுக்கு இது தெரியும். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் உட்காருபவை ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். இந்த ஐந்தையும் அம்மா என்று காட்டுவது, இந்தப் பகுதிக்கு இந்த எழுத்துரு என்று சொல்லும் டேக் ஒன்றுதான். அதே பக்கத்தில் ஓர் ஆங்கில நூற்பெயரும் இருந்தால் அதுவும் அதே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருப் பெயர் மட்டும் வேறு. டேக்குகளை உரித்துவிட்டு யூனிகோடுக்கு மாற்றினால் மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரிய வழியே இல்லை. எல்லாவற்றையும் தமிழாக்கும். பழைய ஆய்விதழ்களின் யூனிகோடு வடிவத்தில் அடிக்குறிப்புகள் யாருக்கும் புரியாத மெய்யெழுத்துக் குவியலாக நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அவை ஒருகாலத்தில் ஆங்கில நூல்களின் பெயர்கள். இங்கே சட்டையைக் கழற்றியதும் ஆளே காணாமல் போனான்.

தமிழ் எண்களின் கதையும் இப்படித்தான். பழைய பதிப்புகளில் பாட்டெண்ணும் பக்கமும் தமிழ் எண்களில் இருக்கும். ஒன்றைக் குறிக்கும் ௧ பார்வைக்குக் ககரம். இரண்டு உகரம், ஏழு எகரம், எட்டு அகரம். தட்டெழுதுபவர் பெரும்பாலும் எழுத்தையே போட்டுவிடுவார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'இது எண்' என்று ஒரு டேக் சுற்றியிருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பாட்டின் கடைசிச் சொல்லோடு ஒரு ககரம் ஒட்டிக்கொள்ளும், அதை வியங்கோள் விகுதி என்று விளக்கவும் ஒருவர் வருவார். பக்கத்தின் தலையிலுள்ள பிள்ளையார் சுழியை இரண்டு என்று படிக்கும் நிரலும் உண்டு.

இனி, நான் மதிக்கும் ஓர் எதிர்வாதம். தமிழறிந்தவர்களிடமிருந்து வருவது. "ஓலையில் அடி பிரிப்பு ஏது? சீர் பிரிப்பு ஏது? புள்ளியே கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. மூலமும் உரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அப்படியே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த நூல்களுக்கு உங்கள் டேக்குகள் எதற்கு? அவை பதிப்பாசிரியர்கள் போட்டவை, மூலத்தில் இல்லாதவை."

ஓலை பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஓலையிலிருந்து நூலை மீட்டவர்கள் எதற்காக வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள் என்பதை இவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 1887இல் சீவகசிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் அச்சேறியபோது, சாமிநாதையர் செய்த வேலையில் எழுத்தைப் பார்த்து எழுதியது சிறு பங்கு. இது மூலம், இது நச்சினார்க்கினியர் உரை, இது உரைக்குள் வரும் மேற்கோள், இந்த ஏட்டில் இந்தப் பாடம், அந்த ஏட்டில் அந்தப் பாடம் என்று பிரித்ததே பெரும் வேலை. அச்சுப் பக்கத்தில் அவர் கைக்கு இருந்த கருவிகள் எழுத்தின் அளவு, இடைவெளி, கோடு, அடிக்குறிப்பு எண் இவைதான். இருந்ததை வைத்து ஒவ்வொரு தீர்ப்பையும் கண்ணுக்குத் தெரிய வைத்தார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு 'செந்தமிழ்' இதழ் வந்தது. அந்தத் தலைமுறைப் புலவர்கள் பாடவேறுபாட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லை. இந்தப் பிரிப்புகளைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் தருபவர் நம்மை மூலத்துக்குத் திருப்பி அழைத்துச் செல்லவில்லை. ஓலையின் குழப்பத்துக்குத் திருப்பி அழைத்துச் செல்கிறார், ஓலை தந்த ஆதாரம் மட்டும் இல்லாமல். ஓலையாவது காலா ரகரமா என்று நம்மைக் கேட்டது. வெற்று உரை, பதிப்பாசிரியர் தேர்ந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, வேறு பாடம் இருந்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறது.

நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லை ஒரு கோட்டுக்குப் பின்னால் ஒதுக்கி அச்சிடுவார்கள். யாப்பு அறிந்தவன் கண்ணுக்கு அது ஒரு செய்தி. எச்டிஎம்எல் பல இடைவெளிகளை ஒன்றாக்கும், வரி முறிவை இடைவெளியாக்கும். செய்யுளுக்கு இது எப்படிப்பட்ட கேடு என்று தனியே விளக்கத் தேவையில்லை.

திருக்குறளில் இருந்து ஓர் உதாரணம். எல்லாருக்கும் தெரிந்த நூல், எல்லாருக்கும் தெரியாத சிக்கல். நாம் இன்று பயன்படுத்தும் குறள் எண்கள் பரிமேலழகர் வைத்த வரிசையைச் சார்ந்தவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவரின் அறத்துப்பால் உரையை 1917இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை பதிப்பித்தார். இரண்டு உரைகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் செயலி ஒன்று செய்ய ஆசைப்படுகிறீர்கள். இங்கே பத்துக் குறள், அங்கே பத்து உரை. முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று பொருத்தினால், ஒரு குறளுக்கு அடுத்த குறளின் உரை வந்து நிற்கும். இரண்டு கோப்பிலும் பிழை இல்லை. ஓர் எழுத்தும் விடுபடவில்லை. எந்த உரைகாரரின் வரிசை என்ற ஒரு சொல் மட்டும் எங்கும் பதிவாகவில்லை. மாணவன் அதைப் படித்து, மணக்குடவருக்கு என்ன ஆயிற்று என்று யோசிப்பான்.

கல்வெட்டுகளில் இந்த இழப்பு இன்னும் கொடியது. மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம், மீனாட்சிபுரத்தை ஒட்டிய குன்றிலுள்ள மாங்குளம் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்பவை. ராபர்ட் சீவெல் 1882இல் அவற்றைக் கவனப்படுத்தினார். ஆனைமலை, அழகர்மலை என்று மதுரையைச் சுற்றிய குன்றுகளில் தமிழி எழுத்துகள் இன்னும் உள்ளன. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலில் இவற்றின் பாடங்கள் இருக்கின்றன. கல்வெட்டுப் பாடம் என்பது வெறும் எழுத்து வரிசை அல்ல. கல்லில் தெளிவாக உள்ளது எது, தேய்ந்து ஐயத்துக்கு இடமானது எது, உடைந்த இடத்தில் அறிஞர் ஊகித்து நிரப்பியது எது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தகுதி உண்டு. சதுர அடைப்புக்குறி, கீழ்ப்புள்ளி என்று இவற்றைக் குறிக்கும் முறைகளை 1931இல் லெய்டனில் கூடிய அறிஞர்கள் வகுத்தார்கள். இன்று கல்வெட்டுகளை எக்ஸ்எம்எல்லில் எழுதுபவர்களிடம் எபிடாக் என்ற வழிமுறை இருக்கிறது. ஐயமானதற்கு ஒரு டேக், நிரப்பியதற்கு ஒரு டேக், இல்லாததற்கு ஒரு டேக். தர்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்த முறையில் எழுதியிருக்கிறது.

அந்தக் கோப்பை, எழுத்து மட்டும் போதும் என்பவர் கையில் கொடுங்கள். அடைப்புக்குறிகள் படிக்க இடைஞ்சல் என்று நீங்கிவிடும். அறிஞர் தயங்கித் தயங்கி ஊகித்த மூன்றெழுத்து, கல்லில் வெட்டிய எழுத்தாகிவிடும். ஒரு மன்னன் பெயரோ ஒரு சங்கப் புலவர் பெயரோ அந்த மூன்றெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த நாள் அது செய்தியாகும், அதற்கடுத்த நாள் பாடநூலுக்குப் போகும். மற்ற இடங்களில் தகவல் குறைகிறது. இங்கே இல்லாத தகவல் பிறக்கிறது. ஐயம் தொலைந்தால் மிஞ்சுவது உறுதி. அந்த உறுதியை யாரும் சம்பாதிக்கவில்லை.

தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் இங்கே இருக்கிறது, தமிழுக்கே உரியது. யூனிகோடில் கி என்பது ககரமும் இகரக் குறியும். இகரக் குறி மட்டும் ஐயம் என்று அதைச் சுற்றி டேக் போட்டால் எழுத்து திரையில் உடைந்து, ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். அதனால் முழு எழுத்தையும் சேர்த்தே குறிக்கிறார்கள். அப்படிச் சொல்லின் நடுவே டேக் உள்ள கோப்பை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வரி ஒதுக்கித் தரும் பொத்தானை அழுத்தினால், டேக்குக்கு முன்னும் பின்னும் புதிய வரி விழுந்து ஒரு சொல் மூன்றாகும். புணர்ச்சியில் கட்டுண்ட மொழிக்கு இது சின்ன விஷயமா?

"மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் மறுபடி மாற்றிக்கொள்ளலாமே" என்று ஒரு சமாதானம் உண்டு. இதைச் சொல்பவரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மிகப் புதிய வாதம், இனி செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பது. வெற்று உரையைக் கொடுத்தால் அதுவே இது பாட்டு, இது உரை, இது பாலை, இது குறிஞ்சி என்று பிரித்துவிடும், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? பிரிக்கும், பல இடங்களில் சரியாகவே பிரிக்கும். ஆனால் அது தருவது ஊகம். உருத்திரசன்மர் தந்தது பதிவு. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே டேக்கில் எழுதிவிட்டால் எது எது என்று யார் சொல்வது? அகநானூற்றின் ஒரு பாட்டைக் குறிஞ்சி என்று இயந்திரம் சொல்லி, எண் ஒற்றைப்படையாக இருந்தால், அது நல்ல கேள்வி, உட்கார்ந்து பேசலாம். எண்ணையே தொலைத்துவிட்டால் கேள்வியும் இல்லை. கிடைக்காத 267ஆம் பாட்டை எந்த இயந்திரமும் ஊகிக்க முடியாது. ஊகித்தால் இன்னும் ஆபத்து. சாமிநாதையர் எந்த ஏட்டில் எந்தப் பாடத்தைக் கண்டார் என்பதையும் ஊகிக்க முடியாது. மேலும், இந்த இயந்திரங்கள் தமிழ் கற்றுக்கொள்வதே இணையத்தில் கிடைக்கும் இதே உரித்த கோப்புகளிலிருந்துதான். பாட்டோடு தூக்கும் வண்ணமும் கலந்த உரையைப் படித்த இயந்திரத்திடம், பாட்டிலிருந்து அவற்றைப் பிரித்துத் தா என்று கேட்கப் போகிறோம்.

இயந்திரத்தின் உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதநேயத் துறை நூல்களை மின்வடிவில் எழுத 1987இல் பேச்சு தொடங்கி உருவான டிஇஐ என்ற முறையில், ஒரு தீர்ப்பை யார் செய்தார், எவ்வளவு உறுதியாகச் செய்தார் என்று குறிக்கவே பண்புக்கூறுகள் இருக்கின்றன. இயந்திரம் சொன்னதை இயந்திரம் சொன்னது என்று எழுதி வையுங்கள். பாடவேறுபாட்டுக்கும் அங்கே இடமுண்டு, அடிக்கும் செய்யுளுக்கும் பக்க எல்லைக்கும் உண்டு. நமக்கு இடம் இல்லாமல் போகவில்லை. அந்த இடத்தில் வைக்கும் பொறுமைதான் இல்லாமல் போயிற்று.

ஆள் எங்கே, காசு எங்கே என்று கேட்பார்கள். நூல் முழுவதையும் நாளைக்கே டிஇஐயில் எழுது என்று யாரையும் நான் கேட்கவில்லை. இருப்பதைத் தொலைக்காதே என்று கேட்கிறேன், அதற்கு ஆகும் செலவு சொற்பம். எண்ணைத் தானாகப் பிறப்பிக்க விடாமல் கோப்பிலேயே எழுதி வைக்கவேண்டும். தெரியாத டேக்கைக் கண்டால் நின்றுவிடு என்று மாற்றியிடம் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு நிரலில் ஒரு வரி. முகப்பை வெட்டக் கூடாது. மாற்றிய கோப்பைத் திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றிப் பார்த்து, முதலில் இருந்ததோடு ஒப்பிடவேண்டும்; திரும்பி வராதது எதுவோ அதுவே தொலைந்தது. ஒவ்வொரு நூலுக்கும் அதன் தொகுப்பாசிரியர் வைத்த ஒழுங்கையே சோதனையாக எழுதலாம். அகநானூற்றுக்கு அது மிக எளிது: நானூறு பாட்டின் எண்ணையும் திணையையும் எடுத்து, ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலையா, நாற்பது நெய்தலும் பத்துப் பத்தாக வருகின்றனவா என்று ஓட்டிப் பார்ப்பது. கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதிவிடுவார். ஒரு பாட்டு ஒத்துவராவிட்டாலும் அன்றைக்குக் கோப்பை வெளியிடாமல் வைத்திருக்கவேண்டும்.